முட்டை, பால் இல்லாத பழ பான்கேக்: ஓவனில் வைத்தால் நடுப்பகுதி வேகவில்லை, யாராவது வழி சொல்லுங்கள்

சேலத்து அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன வருடத்திலிருந்து பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினால் ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுவாள். இட்லி தோசை எல்லாம் வீகன்தானே, அப்புறம் என்ன கவலை என்று கேட்பீர்கள். சரிதான், சனிக்கிழமை எங்கள் வீட்டில் இட்லிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பான்கேக். அவள் அம்மா இருந்தவரை முட்டையும் வெண்ணெயும் போட்டுத் தோசைக்கல்லில் சுட்டுக் கொடுப்பாள். இப்போது முட்டை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம் என்கிறாள். அது அவள் முடிவு, நான் மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பான்கேக்கை மட்டும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு முட்டி வலி. கல் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சுட முடியாது. வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி, அதாவது சின்ன மின்சார ஓவன் இருக்கிறது, அதனால் மாவு முழுவதையும் ஒரே டின்னில் ஊற்றி ஓவனில் வைக்கிறேன். கோதுமை மாவு ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், பழுத்த வாழைப்பழம் ஒன்று, கடையில் வாங்கிய பாதாம் பால் ஒன்றரை கப். மேலே அன்னாசியும் மாம்பழமும் நிறைய. 180 டிகிரியில் 20 நிமிடம்.

மேல்பக்கம் நன்றாகச் சிவந்து வருகிறது. வெட்டிப் பார்த்தால் பழத்துக்கு அடியில் மாவு களி மாதிரி இருக்கிறது. ஓரமோ பிய்த்தால் இழுத்துக்கொண்டு வருகிறது. என்ன மாற்ற வேண்டும்? இன்னொன்று, எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மகளோடு உட்கார்ந்து நானும் ஒரு துண்டு சாப்பிட ஆசை. அதற்கு ஏற்றபடி செய்ய முடியுமா?

புதுச்சமையல்:

சார், 20 நிமிடம் போதாது என்று நினைக்கிறேன். 35 அல்லது 40 நிமிடம் வையுங்கள், மேலே கருகாமல் இருக்க அலுமினியத் தாள் போட்டு மூடிவிடுங்கள். முட்டைக்குப் பதிலாகப் போடும் பவுடர் ஆன்லைனில் கிடைக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

திண்டுக்கல் அடுப்பு:

அண்ணா, வணக்கம். நான் திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே கேக், பன் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். பாதிக்கு மேல் முட்டை இல்லாத ஆர்டர்தான். வீகன் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஓவன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. தண்ணீர்தான் அதிகம். மேலே தம்பி சொன்னதுபோல நேரத்தைக் கூட்டினால் ஓரம் இன்னும் காய்ந்து போகும், நடுப்பகுதி அப்படியேதான் இருக்கும். முட்டை போட்ட பான்கேக்கில் முட்டை சூட்டில் இறுகி மாவைப் பிடித்து நிறுத்திவிடும். முட்டை இல்லாதபோது அந்த வேலை முழுக்க மாவில் உள்ள ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்தின் தலையில் விழுகிறது. அது தண்ணீரைக் குடித்து வீங்கி இறுகினால்தான் பான்கேக் நிற்கும். குடிக்க முடிந்ததைவிடத் தண்ணீர் அதிகமாக இருந்தால் மிச்சம் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும்.

அன்னாசியில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர். மாம்பழத்தில் 83. இதைப் பச்சையாக நறுக்கி மேலே குவித்தால் சூடு ஏற ஏறச் சாறு முழுக்க மாவுக்குள் இறங்கும். அதோடு, பழம் மூடியிருக்கும் இடத்தில் ஆவி வெளியேற வழியில்லை. உங்களுக்குப் பழத்துக்கு நேர் அடியில் மட்டும் வேகாமல் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். காரணம் அதுதான்.

அதனால் முதலில் பழத்தைப் பக்குவம் செய்யுங்கள். அன்னாசியைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாத வாணலியில் மிதமான தீயில் போடுங்கள். முதலில் சாறு விட்டுத் தளதளவென்று கொதிக்கும். கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கி, சடசடவென்று வேறு சத்தம் வரும். துண்டுகளின் ஓரம் லேசாகப் பழுப்பாகி வாணலியில் ஒட்டப் பார்க்கும். அப்போது இறக்கித் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு கப் அன்னாசி கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியிருக்கும், ஆனால் இனிப்பும் வாசனையும் இரண்டு மடங்காகத் தெரியும். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, பப்பாளியிலும் உண்டு. வாணலிச் சூட்டில் அதுவும் அடங்கிவிடும். மாம்பழத்தை வதக்க வேண்டாம், சுட்ட பிறகு தட்டில் பக்கத்தில் வையுங்கள். நல்ல இமாம் பசந்தை ஓவனில் வைப்பதற்கு எனக்கு மனசு வராது.

அடுத்தது வாழைப்பழம். எந்த வாழைப்பழம் என்று நீங்கள் எழுதவில்லை. மாவில் மசித்துப் போட பூவன் எனக்குப் பிடிக்கும். அதில் லேசான புளிப்பு இருக்கிறது, வாசனையும் தூக்கலாக இருக்கும். தோல் முழுக்கப் புள்ளி விழுந்ததாக எடுங்கள். பழுக்கப் பழுக்கத்தான் காயில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது, அரைக்காயாகப் போட்டால் இனிப்பும் வராது, மசியவும் மசியாது. மேலே அடுக்கவென்றால் நேந்திரன். மெல்லிய வட்டமாக நறுக்கினால் ஓவனிலும் குலையாது. எங்கள் பக்கம் சிறுமலைப் பழம் கிடைத்தால் வேறு எதையும் தேடமாட்டேன். மலை வாழையில் ஈரம் குறைவு, அதனால் மாவு இளகிப் போகாது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் மலைப்பழம்தான் போகிறது. சேலத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது மாவு. 20 சென்டிமீட்டர் சதுர டின் ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். ஆளி விதையை, கடையில் ஃப்ளாக்ஸ் சீட்ஸ் என்று கேளுங்கள், மிக்ஸியில் பொடித்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். வழவழவென்று கெட்டியாகும். முட்டை பிடித்து நிறுத்துவதில் ஒரு பகுதியை இது செய்யும், உப்ப வைக்கிற வேலையை இதனால் செய்ய முடியாது. முழு விதையாக வாங்கி அவ்வப்போது பொடிப்பதுதான் நல்லது, பொடித்து வைத்தால் அதிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாசனை அடிக்கும்.

கோதுமை மாவு ஒரு கப், ஓட்ஸைப் பொடித்து அரை கப், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பட்டைத் தூள் அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் சலித்துக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போதாது அண்ணா, அதிலும் முட்டையே இல்லாதபோது.

இன்னொரு பாத்திரத்தில் முக்கால் கப் சோயா பால், அதில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. ஐந்து நிமிடத்தில் லேசாகத் திரியும், திரியட்டும். அந்தப் புளிப்பும் சோடாவும் சேரும்போதுதான் காற்றுக் குமிழி கிளம்பும். இதோடு மசித்த வாழைப்பழம் அரை கப், ஊறிய ஆளி விதை, எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். கடலை எண்ணெய் வாசனை பிடிக்கும் என்றால் அதையே ஊற்றலாம், வாழைப்பழத்துக்கு நன்றாகச் சேரும்.

பாதாம் பாலை ஏன் மாற்றச் சொல்கிறேன் என்றால், கடைப் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், புரதம் மிகக் குறைவு. சோயா பாலில் 100 மில்லிக்கு 3 கிராம் அளவில் புரதம் இருக்கும். உடம்புக்கும் நல்லது, பான்கேக்கும் நன்றாக இறுகிச் சிவக்கும். சர்க்கரை சேர்க்காத சோயா பாலா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்காத நாளில் தேங்காய் இரண்டாம் பால் போதும். முதல் பால் வேண்டாம், கொழுப்பு அதிகமாகி அடியில் எண்ணெய் கசியும்.

ஈரமானதை மாவில் ஊற்றிக் கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஓரம் இழுபடுவது இங்கேதான் வருகிறது. கோதுமையை ஈரத்தோடு அடித்துக் கலக்கக் கலக்க அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் வலுத்து இழுவை வந்துவிடும். சப்பாத்திக்கு வேண்டிய குணம், இதற்கு வேண்டாம். பதம் இட்லி மாவு அளவுக்கு இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் இரண்டு ஸ்பூன் சோயா பால் கூட்டுங்கள். ஓட்ஸ் மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும், ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வதக்கிய அன்னாசியில் பாதியை மாவில் சேருங்கள். மீதியை ஊற்றிய பிறகு மேலே விட்டு விட்டுத் தூவுங்கள், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மாவு தெரிய வேண்டும். ஓடிஜியை 190 டிகிரியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிகிற மாதிரி வைத்துப் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத்தான் டின்னை நடுத் தட்டில் வைக்க வேண்டும். சோடா போட்ட மாவு அந்த ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது, உடனே உள்ளே போக வேண்டும். 22லிருந்து 25 நிமிடம். ஈர்க்குச்சியால் நடுவில் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும். சூட்டோடு வெட்டினால் வெந்ததுகூட வேகாதது போலத்தான் இருக்கும். ஆற ஆறத்தான் ஸ்டார்ச் இறுகும்.

உங்கள் சர்க்கரை விஷயம். இந்த அளவில் நான் சர்க்கரையே சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். பழத்தின் இனிப்பு போதும். ஆனால் சர்க்கரை போடவில்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆகாது. கோதுமையும் வாழைப்பழமும் சேர்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி நல்லது என்று யாராவது சொன்னால் நம்பி மேலே தூவிவிடாதீர்கள், உங்களுக்கு அவையும் சர்க்கரைதான். டின்னை ஒன்பது துண்டாகப் போட்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள். பயறும் நார்ச்சத்தும் சேர்ந்தால் மெதுவாக ஏறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்து, அந்த எண்ணை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாதவர்களுக்கு பி12 சத்து சாதாரண உணவிலிருந்து போதுமான அளவு கிடைப்பதில்லை. மாத்திரையாகவோ, பி12 சேர்த்த சோயா பாலாகவோ எடுக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இதை அம்மா ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன், அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

சேலத்து அப்பா:

அம்மா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அச்சடித்துச் சமையலறையில் ஒட்டப்போகிறேன். பி12 பற்றி இன்று இரவே கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம். கடையில் பொருள் வாங்கும்போது அது வீகனா என்று எப்படி உறுதி செய்வது? பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா? அப்புறம், இப்போது இங்கே நாவல்பழம் வர ஆரம்பித்துவிட்டது. மகளுக்கு உயிர். அதைப் போடலாமா?

திண்டுக்கல் அடுப்பு:

பச்சைப் புள்ளி போதாது அண்ணா. பால், நெய், தேன் சேர்ந்த பொருளுக்கும் பச்சைப் புள்ளிதான் வரும். வீகனுக்கென்று எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2021ல் தனி முத்திரை கொண்டுவந்தது, பச்சை நிறத்தில் வி எழுத்தும் அதன் மேல் சின்னச் செடியும் இருக்கும். அது இல்லாத பாக்கெட்டில் பின்பக்கம் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். பால் பவுடர், பாலிலிருந்து எடுக்கும் வே (whey), கேசின் (casein) என்று எது இருந்தாலும் வேண்டாம். வெண்ணெய்க்குப் பதிலாக விற்கும் மார்ஜரினிலும் சிலவற்றில் பால் பொருள் கலந்திருக்கும். நான் சொன்ன அளவில் பாக்கெட்டைப் படிக்க வேண்டியது சோயா பால் ஒன்றுக்குத்தான், மற்றதெல்லாம் மளிகைச் சாமான்.

நாவல்பழம் தாராளமாகப் போடலாம். கொட்டையைச் சுற்றிச் சதையைச் சீவி எடுங்கள். ஆனால் அந்தக் கருநீல நிறம் சோடா பட்டால் பச்சையும் சாம்பலுமாக மாறும், பழத்தைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி வளையம் விழும். கெட்டுப்போனது இல்லை, புளிப்பு குறைந்து சோடாவின் காரத்தன்மை கூடினால் அந்த நிறமி அப்படித்தான் மாறும். நாவல்பழம் போடுகிற நாளில் சோடாவை நிறுத்திவிட்டு பேக்கிங் பவுடர் மட்டும் போடுங்கள், எலுமிச்சைச் சாறு அப்படியே இருக்கட்டும். நிறம் ஊதாவாகவே நிற்கும். சூரியகாந்தி விதை தூவுகிற பழக்கம் இருந்தால் அதற்கும் இதே கதைதான், சோடா பட்டால் மறுநாள் விதையைச் சுற்றிப் பச்சையாகிவிடும்.

வடக்குக் காற்று:

அக்கா எழுதியதைப் படித்ததும் நானும் ஒன்று சேர்க்க வேண்டும் போல இருந்தது. நான் பின்லாந்தில் தம்பரே ஊரில் இருக்கிறேன். ஓவனில் ஒரே தட்டாகச் சுடும் பான்கேக் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு, பன்னுகாக்கு என்பார்கள். வியாழக்கிழமை என்றால் மதியச் சாப்பாட்டில் பட்டாணி சூப்பும், அதற்கு அப்புறம் பன்னுகாக்குவும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும். எங்கள் அலுவலக உணவகத்திலும் அப்படித்தான். பாரம்பரிய முறையில் பாலும் முட்டையும் நிறையப் போகும், ஓவனை 225 டிகிரி வரை ஏற்றுவார்கள், ஓரமெல்லாம் மலை மாதிரி எழும்பி வரும். முட்டை இல்லாமல் செய்தால் அந்த எழுச்சி வராது. ஓவனில் சுடும் பான்கேக் படம் பார்த்துவிட்டு நம்முடையது ஏன் அப்படி உப்பவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம், அது முட்டையின் வேலை.

என் மனைவி வீகன். நாங்கள் ஓட்ஸ் பாலில் செய்கிறோம், இங்கே சின்னக் கடையில்கூடக் கிடைக்கும். மாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் கடலை மாவு சேர்ப்போம். முட்டை இல்லாத குறையை அது நன்றாகவே ஈடு கட்டுகிறது, நிறமும் மஞ்சளாக வரும். பச்சை வாசனை போக முழுதாக வேக வேண்டும், அவ்வளவுதான். கரைத்த மாவை அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டு, கடைசி நிமிடத்தில்தான் பேக்கிங் பவுடர் கலப்போம்.

கோடையில் காட்டில் நாங்களே பறித்த புளூபெர்ரி வருடம் முழுக்க ஃப்ரீசரில் இருக்கும். இங்கே யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் போய் பெர்ரி பறிக்கலாம், நிலம் யாருடையது என்றாலும். உறைந்த பழத்தை உருகவிடாமல், ஒரு ஸ்பூன் காய்ந்த மாவில் புரட்டி அப்படியே கரைத்த மாவில் போட்டால் சாறு பரவாது, அடியிலும் போய்த் தங்காது. சேலத்து ஐயா நாவல்பழத்தை ஃப்ரீசரில் வைத்துவிட்டு இதே மாதிரி செய்து பார்க்கலாம். அடி மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் இரும்புச் சட்டியை ஓவனிலேயே சூடாக்கி, எண்ணெய் தடவி, அதில் மாவை ஊற்றுங்கள். ஊற்றும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். கைப்பிடி கொதிக்கும், கனமான துணி பிடித்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் அடுப்பு:

கடலை மாவு நல்ல யோசனை தம்பி, நானும் இந்த வாரம் செய்து பார்க்கிறேன். அண்ணா, நீங்கள் சேர்ப்பதாக இருந்தால் கோதுமை மாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் குறைத்துவிட்டுச் சேருங்கள். இரும்புச் சட்டி மட்டும் முட்டி வலியோடு வேண்டாம், கனத்தைக் குனிந்து தூக்க வேண்டியிருக்கும். டின்னே போதும்.

சேலத்து அப்பா:

சரி அம்மா, டின்னிலேயே செய்கிறேன். தம்பிக்கும் நன்றி, பின்லாந்தில் இருந்து நாவல்பழத்துக்கு வழி கிடைக்கும் என்று நினைக்கவில்லை. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். ஞாயிறு காலை அவள் ஏழு மணிக்கே எழுந்துவிடுவாள். முதல் நாள் இரவே மாவு கலந்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

திண்டுக்கல் அடுப்பு:

கலந்து வைக்காதீர்கள், காலையில் சோடாவின் வேகம் போயிருக்கும். காய்ந்த மாவை ஒரு டப்பாவில் கலந்து மூடி வையுங்கள். அன்னாசியை வதக்கி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆளி விதையையும் இரவே ஊற வைக்கலாம். வாழைப்பழத்தைக் காலையில்தான் மசிக்க வேண்டும், இல்லையென்றால் கறுத்துப்போகும். ஆறேகாலுக்கு ஓவனை ஓட விட்டுவிட்டு வாழைப்பழத்தை உரித்தால், ஏழு மணிக்கு முன்பே டின் வெளியே வந்துவிடும். மீந்த துண்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் சவசவவென்று ஆகிவிடும், தோசைக்கல்லைச் சிம்மில் வைத்து மூடி போட்டுத் திருப்பிப் போடுங்கள். பஸ்ஸுக்குக் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் நன்றாக ஆறிய பிறகு வாழை இலையில் மடித்துக் கொடுங்கள், சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி கோத்துத் தண்ணீர் சொட்டிவிடும்.